ஜே.ஜே.யின் வீழ்ச்சியும் சுந்தர ராமசாமியின் மொழியும்

புனைவில் ஓர் எழுத்தாளனோ கலைஞனோ வீழ்வதைக் காணும்போது, அதில் ஆசிரியரின் வாழ்வைத் தேடுவது திறனாய்வின் வழக்கம். மும்பையில் குரு தத் இயக்கிய 'காகஸ் கே பூல்' (1959) இத்தேடலுக்குப் பெரிதும் இடமளித்தது. அதில் திரைப்பட இயக்குநன் ஒருவன் கைவிடப்பட்டு மடிகிறான். குரு தத்தும் 1964இல் தம் 39ஆம் வயதில் மறைந்தார். சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981) படைத்துக்காட்டும் மலையாள எழுத்தாளன் ஜோசப் ஜேம்ஸும் அதே வயதில், 1960 ஜனவரி 5 அன்று, ஆல்பெர் காம்யு இறந்ததற்கு மறுநாள் இறக்கிறான். அவனைப் படைத்தவரோ 2005 வரை வாழ்ந்தார்.

ஜே.ஜே.யின் சாயலை மலையாள நாடகாசிரியர் சி.ஜே. தோமஸிடம் (1918-1960) காண்போர் உண்டு. ஆசிரியரின் இளமைக்கால நோயோ கதைசொல்லியான பாலுவுக்கு அளிக்கப்பட்டுள்ளது. இவ்வாறு வாழ்க்கைச் செய்திகள் சிதறிக் கிடப்பதால், அவற்றைக் கொண்டு மட்டும் ஒப்புமை காண முயல்வது பயன் தராது.

மொழியை நோக்கினால் செய்தி வேறாகிறது. சுந்தர ராமசாமி கோட்டயத்தில் சிறுபருவத்தைக் கழித்தவர். தமிழ் எழுத்தைப் பின்னரே கற்றவர். தகழியின் நாவல்களைத் தமிழாக்கியவர். 1966க்குப் பின் சில ஆண்டுகள் அவரது படைப்புப்பணி ஏறத்தாழ நின்றிருந்தது. பழகிய சொல்லாட்சியை ஏற்க மறுத்துத் தனிமைப்படும் ஜே.ஜே.யின் நெருக்கடி, இம்மௌனத்தோடு ஒப்பிடத்தக்கது. வாசகர் ஏற்பைப் பெற்ற முல்லைக்கல் மாதவன் நாயரின் நடைக்கும் ஜே.ஜே.யின் நடைக்கும் உள்ள பகையே நாவலின் உண்மையான மோதல் எனலாம். கொள்கைப்பூசல் அதன் புறவடிவமே.

இங்கு மொழிபெயர்ப்பாளர்க்கு ஒரு நுட்பமான சிக்கல் எழுகிறது. பெரிதும் மதிக்கப்படும் எழுத்தாளனின் இறப்பைத் தமிழ் வாழ்க்கை வரலாற்று மரபு 'ஆர்' விகுதியால் கூறும். நாவல் 'ஆன்' விகுதியை ஆள்கிறது. நெருக்கமும் துணிவும் அவ்விகுதியில் அடங்கியுள்ளன. இன்றைய மலையாள வினைமுற்றில் பால் காட்டும் விகுதி இல்லை. ஆகவே, ஆற்றூர் ரவிவர்மாவின் மலையாளப் பெயர்ப்பாயினும் பிறருடையதாயினும், அப்பொருளை 'அவன்', 'அயாள்', 'அத்தேஹம்' என்னும் பெயர்ச்சொற்களின் தேர்வே சுமக்க வேண்டும். ஆங்கிலத்தில் அத்தேர்வுக்கும் இடமில்லை.

தலைப்பிலுள்ள 'குறிப்பு' என்னும் சொல்லும் இத்தகையதே. அது எழுதிவைத்த துணுக்கையும் சுட்டும். இலக்கண மரபில் வெளிப்படைக்கு எதிரான பொருளையும் சுட்டும். ஆ. இரா. வேங்கடாசலபதியின் ஆங்கிலப் பெயர்ப்பு 'ஜாட்டிங்ஸ்' என்று முதற்பொருளைக் கொண்டது. ஜகர ஒலி இயைபு அதற்குக் கிடைத்த ஈடு.

மலையாளப் பெயர்ப்பின் நிலை இன்னும் விந்தையானது. ஜே.ஜே.யின் நாட்குறிப்புகள் தமிழில் மலையாளத்திலிருந்து வந்தவை போன்ற அயற்சாயலோடு நிற்கின்றன. அவ்வயன்மையே அவனது தனிமையின் ஒலி. மலையாளத்திற்குச் சென்றதும் அவை தம் வீட்டுமொழியை அடைந்துவிடுகின்றன. தமிழ் வாசகன் கேட்ட அவ்வொலியை அங்கு வேறு வழியில்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது.