மூட்டம் போட்டால் கிளம்புங்கள்

தைவானுக்கு ஃபெசன்ட் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வெயிலடிக்கிற நாளாகப் பார்த்துப் போவார்கள். அங்கேயே பாதி வாய்ப்பு போய்விடுகிறது. மயிலும் காட்டுக்கோழியும் சேர்ந்த குடும்பம்தான் இதுவும். ஆனால், வெட்டவெளியில் வந்து நின்று தோகை காட்டுகிற தாராளம் இதற்குக் கிடையாது. விடிகாலை, அந்தி, அதையும்விட மூடுபனி இறங்கிச் சாரல் பிடிக்கிற நேரம் – மற்றவர்கள் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றும்போது இது சாலையோரத்துக்கு வரும்.

அந்தத் தீவுக்கே உரியவை இரண்டு. சுமார் 1,800 மீட்டருக்கு மேல் 3,300 மீட்டர் வரையான காடுகளில் மிகாடோ. அதற்குக் கீழே ஸ்வின்ஹோ. இடையில் சில இடங்களில் இரண்டும் உண்டு. தைச்சுங் பக்கத்து தாஷுவேஷான் மலைச்சாலையில் ஏறினால், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

மிகாடோ சேவல் தூரத்துக்கு வெறும் கறுப்பு. அவசரப்படாதீர்கள். பைனாகுலரை அதன் மார்பில் நிறுத்துங்கள். ஒவ்வோர் இறகின் ஓரத்திலும் எஃகு நீலம் ஓடுவது தெரியும். வெயிலும் நிழலும் துண்டு துண்டாக விழும் காட்டில் இது பிடிபடாது. மேகம் மூடிய சீரான வெளிச்சம் வேண்டும். பிறகு வாலுக்கு வாருங்கள். நீண்ட கறுப்பு வாலில் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள். 1906-இல் வால்டர் குட்ஃபெலோ என்ற சேகரிப்பாளர் கண்ணில் பட்டது, மலைவாசி ஒருவரின் தலையணியில் செருகியிருந்த இரண்டு வால் இறகுகள் மட்டுமே. முழுப் பறவையைப் பார்க்காமல் அந்த இரண்டை வைத்தே புது இனம் என்று அறிவித்தார்கள். வாலைப் பார்த்தால் அந்தத் துணிச்சல் நியாயம்தான் என்று தோன்றும். இன்று யூஷான் மலை பின்னணியில் நிற்க, ஒரு ஜோடி மிகாடோ தைவானின் 1,000 டாலர் நோட்டில் இருக்கிறது.

நிறத்துக்கு அடுத்தது நடை. ஓரடி வைக்கும், நிற்கும், தளிரைக் கொத்தும், சருகைக் காலால் கிளறும். ஆள் அரவம் கேட்டாலும் சட்டென்று பறக்காது. புதருக்குள் நடந்தே போய்விடும்.

ஸ்வின்ஹோ சேவலுக்கு இவ்வளவு பொறுமை தேவையில்லை. வெள்ளைக் கொண்டை, வெள்ளை முதுகு, வாலின் நடுவில் வெள்ளை இறகுகள், அரக்குத் தோள், நீல உடம்பு, சிவப்புக் கால். கொஞ்சம் அதிகப்படி அலங்காரம் என்பது என் கட்சி. ஆனால் பெட்டையைக் கவரும்போது முகத்தின் சிவப்புச் சதை புடைத்து எழும் பாருங்கள், அப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். இளஞ்சேவலுக்கு இந்த முழு உடுப்பு வர இரண்டாம் வருஷம் ஆகும். அதுவரை அரைகுறை வேஷத்தில் திரியும். அதைப் பார்ப்பதும் ஒரு சுவை.

பெட்டைகளைப் படமெடுக்காமல் தாண்டிப் போகிறார்கள். பழுப்பு உடம்பில் அம்புமுனை போன்ற வெளிர் புள்ளிகள். சருகில் அசையாமல் நின்றால் பக்கத்திலேயே இருந்தாலும் தெரியாது. ஸ்வின்ஹோ பெட்டையைக் காட்டிக்கொடுப்பது அந்தச் சிவப்புக் கால்தான். அடைகாப்பதும் பெட்டைதான், சேவலின் மினுமினுப்பு அந்த வேலைக்கு உதவாது.

வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, உள்ளேயே உட்காருங்கள். மக்காச்சோளம் தூவி வரவழைக்கிறவர்களோடு சேராதீர்கள். தீனிக்குச் சாலையில் நிற்கப் பழகிய பறவை சக்கரத்தில் மாட்டும். தவிர, குனிந்து பொறுக்குகிற பறவையிடம் அந்த நடையைப் பார்க்க முடியாது.