மேடைக் குடும்பம் திரைக்கு வரும்போது: எப்படி ரசிப்பது?

குடும்ப நாடகம் ஒன்றைப் படமாக எடுக்க உட்காரும்போது முதலில் முட்டுவது வீடு. மேடைக்கு ஒரு கூடம் போதும்: நாலு நாற்காலி, சாப்பாட்டு மேசை, தெருவாசல், உள்ளே போக ஒரு கதவு. குடும்பத்துக்கு எது நடந்தாலும் அது அந்தக் கூடத்துக்கு வந்து சேர வேண்டும். வேலை போனது, பணம் பறிபோனது, மகன் தப்புத்தண்டா செய்தது எல்லாமே யாராவது வாசல் வழியாக வந்து சொன்னால்தான் பார்வையாளருக்குத் தெரியும். கேமராவுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அது ஆபீசுக்கும் போகும், மதுக்கடைக்கும் போகும், தெருமுனையில் நின்றும் பார்க்கும். அதனால் நாடகத்திலிருந்து வந்த படத்தைப் பார்க்கும்போது மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: கேமரா எப்போது வாசலைத் தாண்டுகிறது, எப்போது தாண்டாமல் உள்ளேயே நிற்கிறது, ஏன்?

எடுத்துக்கொள்ளும் படங்கள்

தமிழில் இதற்கு முதல் உதாரணம் ‘வியட்நாம் வீடு’. சுந்தரம் எழுதி, சிவாஜி நாடக மன்றம் 1960களில் மேடையேற்றிய நாடகம்; 1970இல் பி.மாதவன் இயக்கத்தில் படமாயிற்று. இந்த நாடகத்தின் பெயரே பிறகு சுந்தரத்துக்கு அடைமொழியாக ஒட்டிக்கொண்டது. அடுத்தது விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986, ஏவிஎம்). ‘உறவுக்கு கை கொடுப்போம்’ என்ற அவருடைய பழைய நாடகத்தின் மறுவடிவம் இது. அந்த நாடகம் 1975இல் அதே பெயரில் ஏற்கெனவே ஒருமுறை படமானது.

இவற்றோடு சேர்த்துப் பார்க்க அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களின் கதைகள் இரண்டு. லொரெய்ன் ஹான்ஸ்பெரி எழுதிய ‘எ ரெய்சின் இன் த சன்’ 1959 மார்ச்சில் நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறியது. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதி பிராட்வே ஏறிய முதல் நாடகம் அது. 1961இல் டேனியல் பெட்ரி அதைப் படமாக்கினார், திரைக்கதையும் ஹான்ஸ்பெரியே. ஆகஸ்ட் வில்சனின் ‘ஃபென்சஸ்’ 1987இல் பிராட்வேக்கு வந்து, அதே ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. டென்சல் வாஷிங்டன் இயக்கி நடித்த படம் 2016இல் வெளியானது.

வாசலில் வந்து நிற்பவர்

‘ரெய்சின்’ கதை சிகாகோவில் ஒரு நெருக்கடியான குடியிருப்பில் நடக்கிறது. மூன்று தலைமுறை ஒரே வீட்டில். பேரன் டிராவிஸுக்குக் கூடத்து சோபாதான் படுக்கை. குளியலறை வெளி நடையில் இருக்கிறது, பக்கத்துக் குடித்தனத்தோடு பொது. செத்துப்போன தகப்பனாரின் இன்சூரன்ஸ் பணம் பத்தாயிரம் டாலர் வரப்போகிறது. மகன் வால்ட்டருக்கு அதில் மதுக்கடை வைக்க ஆசை, மகள் பெனீத்தாவுக்கு டாக்டருக்குப் படிக்க ஆசை, தாய் லீனாவுக்கு ஒரு சொந்த வீடு. வெள்ளையர் மட்டும் குடியிருக்கும் பகுதியில் லீனா ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டிவிடுகிறாள்.

பிறகுதான் கதவு தட்டப்படுகிறது. வந்திருப்பவர் லிண்ட்னர், அந்தப் பகுதிக் குடியிருப்போர் சங்கத்தின் பிரதிநிதி. ரகளை செய்யும் ஆளில்லை. சாது, பேசத் தயங்குகிறவர். சுற்றி வளைத்துப் பேசிக் கடைசியில் விஷயத்துக்கு வருகிறார்: நீங்கள் கொடுத்ததைவிடக் கூடுதலாகப் பணம் தருகிறோம், அங்கே குடிவர வேண்டாம். இந்தக் காட்சியில் அவருடைய வார்த்தையைவிடக் கவனிக்க வேண்டியது, கேட்டுக்கொண்டிருப்பவர்களின் முகம். ஆரம்பத்தில் வால்ட்டர் வீட்டுக்காரன் என்ற முறையில் மரியாதையாக உபசரிக்கிறான். பெனீத்தாவுக்கு முன்கூட்டியே புரிந்துவிடுகிறது. ஒரே பேச்சு ஒவ்வொருவர் மண்டையிலும் ஒவ்வொரு நேரத்தில் ஏறுவதைக் கேமரா நிதானமாகக் காட்டுகிறது. மேடையில் பார்வையாளர் தாமே தேடிப் பார்க்க வேண்டியதைப் படம் தேர்ந்தெடுத்து முன்வைக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்க வரலாறு முழுவதும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. சிப்காட் வேலைக்காக வெளி மாவட்டத்திலிருந்தும் வெளி மாநிலத்திலிருந்தும் ஓசூருக்கு வந்து வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு, அட்வான்ஸ் தொகையைப் பேசுவதற்கு முன்னால் சொந்த ஊர் எது, என்ன ஆட்கள், கறி சமைப்பீர்களா என்று வரிசையாக வரும் விசாரணை பழக்கமானதுதான். லிண்ட்னரின் மரியாதையான குரலும் அதே வகை. ஹான்ஸ்பெரி இதைக் கேள்விப்பட்டு எழுதவில்லை. அவருடைய தந்தை கார்ல் ஹான்ஸ்பெரி சிகாகோவில் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கியபோது கும்பல் திரண்டது, வழக்கு வந்தது. அது 1940இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது.

‘வியட்நாம் வீட்டி’ல் இந்த வகை வெளியாள் கிடையாது. கௌரவமே மூச்சாக வாழும் ‘பிரெஸ்டீஜ்’ பத்மநாபன் ஓய்வுபெற்றதும் வீட்டுக்குள்ளேயே அவருக்கு மதிப்புக் குறைகிறது. சண்டை உள்ளேயே முளைத்து உள்ளேயே வளர்கிறது. அன்றைக்கு வியட்நாமில் நடந்துகொண்டிருந்த போரைத் தலைப்பில் வைத்தது அதனால்தான். ஒரு வீட்டை வெளியே இருப்பவர்கள் நெருக்குகிறார்களா, உள்ளே இருப்பவர்களே குலைக்கிறார்களா என்று பிரித்துப் பார்த்தால் இயக்குநர் வாசலை எப்படிப் பயன்படுத்துகிறார் என்பது விளங்கும்.

வெளியே போன காட்சிகள்

நாடகத்தைப் படிக்க முடிந்தவர்கள் படித்துவிட்டுப் படம் பார்த்தால், புதிதாகச் சேர்ந்த காட்சிகள் தனியாகத் தெரியும். ‘ரெய்சின்’ நாடகம் அந்தக் குடியிருப்பை விட்டு நகர்வதே இல்லை. படம் மதுக்கடைக்குப் போகிறது. குடும்பம் புது வீட்டைப் பார்க்கப் போகும்போதும் கூடவே போகிறது. ஹான்ஸ்பெரி தம் திரைக்கதையில் சிகாகோ நகரத்தை இன்னும் விரிவாகக் கொண்டுவந்திருந்தார். ஸ்டுடியோ அவற்றில் பலவற்றை வெட்டிவிட்டது. வெட்டுப்படாத அந்தத் திரைக்கதை, அவர் 34 வயதில் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1992இல் புத்தகமாக வெளிவந்தது. எந்தக் காட்சியைச் சேர்த்தார்கள் என்பதைப் போலவே யார் வெட்டினார்கள் என்பதும் ரசனைக்கு உதவும் தகவல்.

‘ஃபென்சஸ்’ நாடகம் பிட்ஸ்பர்க்கில் ஒரு வீட்டின் முற்றத்தில் நடப்பது. குப்பை அள்ளும் தொழிலாளி டிராய் மாக்ஸனும் நண்பன் போனோவும் சம்பள நாளன்று வேலை முடிந்து பேசிக்கொண்டே முற்றத்துக்கு வருவதுதான் தொடக்கம். படம் அதே பேச்சைக் குப்பை லாரியின் பின்னால் தொற்றிக்கொண்டு போகும்போதே ஆரம்பித்துவிடுகிறது. பேச்சு பழையது, இடம் புதியது. கறுப்பர்கள் அள்ளவும் வெள்ளையர்கள் வண்டி ஓட்டவும் என்று ஏன் இருக்கிறது என்பது டிராயின் புகார். லாரியைக் கண்ணால் பார்த்துவிட்டு அதைக் கேட்கும்போது புகாரின் கனம் கூடுகிறது. ஆனால் டிராயின் இன்னொரு உறவான ஆல்பர்ட்டாவுக்கு மேடையைப் போலவே படத்திலும் காட்சி கிடையாது. அவள் பெயராகவே இருக்கிறாள். அவளால் வரும் வலி மட்டும் வீட்டுக்குள் நுழைகிறது. எதைக் காட்டவில்லை என்று கணக்கெடுப்பது இந்த ரசனையின் அடுத்த படி.

‘சம்சாரம் அது மின்சார’த்தில் சேர்க்கை வேறு மாதிரி. பழைய நாடகத்தின் சோகத்தைக் கொஞ்சம் தளர்த்த நகைச்சுவை வேண்டும் என்ற ஏவிஎம் சரவணனின் யோசனைப்படி, மனோரமா நடித்த வேலைக்காரி கண்ணம்மா பாத்திரம் உருவானது. குடும்பத்தில் ஒருத்தியாகவும் வெளியாளாகவும் ஒரே நேரத்தில் நிற்கக்கூடியவள் என்பதால், வீட்டுக்குள் யாரும் சொல்லத் துணியாததை அவள் சொல்லிவிடுகிறாள்.

பேச்சைக் கேட்பது

நாடகம் காதுக்கானது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. வேஷக்காரர் திரைக்குப் பின்னாலிருந்தே தாம் யார் என்று பாடிவிட்டு வெளியே வருவார். ஆடுகளத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் ஊர் மாறிவிடும். காட்ட முடியாததையெல்லாம் வாய் செய்யும். படமான நாடகத்திலும் நீளமான வசனம் வரும்போது ‘பேசிக்கொண்டே இருக்கிறார்கள்’ என்று சலித்துக்கொள்ளாமல், அந்தப் பேச்சு எதைக் கண்முன் கொண்டுவருகிறது என்று கேட்க வேண்டும். டிராய் பேஸ்பால் ஆடிய காலத்தைச் சொல்லும்போது மைதானம் ஒரு நொடிகூடத் திரையில் வருவதில்லை. வந்திருந்தால் அவன் சொல்வதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வீறாப்பு என்ற சந்தேகம் போயிருக்கும்.

அடுத்தது பேச்சு வழக்கு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் கலந்து கேட்கும் ஓசூர்க் காதுக்கு, ஒருவர் வாய் திறந்ததும் எந்தப் பக்கத்து ஆள் என்று பிடிபட்டுவிடும். அதே காதை இந்தப் படங்களுக்கும் கொடுக்கலாம். லீனா தென்மாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவள், பெனீத்தா கல்லூரிக்காரி. தாயும் மகளும் பேசும் ஆங்கிலமே ஒன்றில்லை. சப்டைட்டில் இந்த வேறுபாட்டைச் சமப்படுத்திவிடும் என்பதால், முக்கியமான காட்சிகளை எழுத்தைப் பார்க்காமல் குரலுக்காக மட்டும் இன்னொரு முறை கேட்பது நல்லது. ‘வியட்நாம் வீட்டி’ல் பிராமணக் குடும்பத்தின் பேச்சும், விசு படத்தில் எதிராளியின் சொல்லையே திருப்பிப் பிடித்து மடக்கும் பேச்சும் இதே கவனத்தைக் கேட்கும்.

மேடையில் பழுத்த நடிப்பு

1961ஆம் ஆண்டு படத்தில் சிட்னி பாய்ட்டியர், கிளாடியா மெக்நீல், ரூபி டீ, டயானா சாண்ட்ஸ் என்று மேடையில் நடித்தவர்களே பெரும்பாலும் நடித்தார்கள். ‘ஃபென்சஸ்’ படத்தின் டென்சல் வாஷிங்டனும் வயோலா டேவிஸும் 2010இல் அதே நாடகத்தை மேடையில் நடித்து டோனி விருது வாங்கியவர்கள். இப்படிப் பலமுறை நடித்துத் தேர்ந்த பாத்திரத்தில் ஒருவர் பேச்சு முடிவதற்குள் அடுத்தவர் பேச்சு சரியாக வந்து விழும். புதிதாகக் கூடிய நடிகர்களிடம் இந்த லாவகம் கிடைப்பது அரிது.

ஆனால் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டிய குரல் கேமரா முன்னால் அதிகமாகிவிடக்கூடும். ‘ஃபென்சஸ்’ஸில் டிராயின் மனைவி ரோஸ் தன் பதினெட்டு வருஷ வாழ்க்கையை முற்றத்தில் கொட்டித் தீர்க்கும் காட்சியில் வயோலா டேவிஸ் அழுகிறார், மூக்கு ஒழுகுகிறது, துடைத்துக்கொள்வதில்லை. அரங்கில் தூரத்து வரிசைக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. அந்த நடிப்புக்கு அவர் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் பெற்றார். மேடையின் உரத்த பேச்சும் திரையின் அண்மையும் ஒரே முகத்தில் சேரும் இடம் இது.

‘வியட்நாம் வீட்டி’ல் ஒப்பிடுவதற்கு இன்னொரு வசதி உண்டு. பத்மநாபன் மேடையிலும் திரையிலும் சிவாஜி கணேசன்தான். மனைவி சாவித்திரியை மேடையில் ஜி.சகுந்தலாவும் படத்தில் பத்மினியும் நடித்தார்கள். சிவாஜியின் குரல் மேடை உயரத்திலேயே இருக்க, பத்மினி பேசாமல் நிற்கும் ஷாட்டுகள் அந்தக் குரலுக்கு நிதானம் கொடுக்கின்றன. பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவரைக் கவனித்தால் இது புலப்படும்.

வீட்டுப் பொருள்

மேடையில் சும்மா ஒரு பொருளை வைக்கமாட்டார்கள். லீனா ஜன்னலோரத்தில் ஒரு தொட்டிச் செடி வளர்க்கிறாள். வெளிச்சம் போதாமல் நோஞ்சானாக இருக்கும் செடி. டிராய் வேலி போடுகிறேன் என்று தொடங்கி இழுத்துக்கொண்டே போகிறான். ‘சம்சாரம் அது மின்சார’த்தில் அம்மையப்ப முதலியாரின் வீட்டில் தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவே கிழிக்கப்படும் கோடு ஒரே கூடத்தை இரண்டு குடித்தனமாக்குகிறது. இந்தப் பொருள்கள் எப்போது வருகின்றன, யார் தொடுகிறார்கள், கேமரா அவற்றைக் கிட்டத்தில் காட்டி அர்த்தத்தை ஊட்டிவிடுகிறதா, போகிற போக்கில் விட்டுவைக்கிறதா என்று பார்க்கலாம். விட்டுவைக்கும் இயக்குநர் பார்வையாளரை நம்புகிறார்.

தொரப்பள்ளியில் எடுத்த படம்

நாடகத்திலிருந்து வந்த படத்தின் குணம் தெளிவாகத் தெரிய, மேடையே ஏறாத குடும்பக் கதை ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஓசூர்க்காரர்கள் தூரம் போக வேண்டியதில்லை. ராஜாஜி எழுதிய ‘திக்கற்ற பார்வதி’யை 1974இல் சிங்கீதம் சீனிவாசராவ் படமாக்கினார். எடுத்த இடம், ராஜாஜி 1878இல் பிறந்த தொரப்பள்ளி. லட்சுமியும் ஸ்ரீகாந்தும் நடித்தார்கள். இசை வீணைக் கலைஞர் சிட்டிபாபு. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. ‘வியட்நாம் வீட்டி’ல் பத்மநாபனின் மகனாக வந்த அதே ஸ்ரீகாந்த், இதில் பார்வதியின் கணவன் கருப்பன்.

கள்ளும் கடனும் சேர்ந்து ஒரு உழைப்பாளிக் குடும்பத்தைச் சிதைக்கும் கதை இது. இங்கே எதையும் யாரும் வாசலில் வந்து அறிவிக்க வேண்டியதில்லை. கிராமம் முழுவதும் கேமராவுக்குத் திறந்து கிடக்கிறது. வசனம் செய்ய வேண்டிய வேலையில் பாதியை இடமே செய்துவிடுகிறது. ‘ரெய்சி’னின் யங்கர் குடும்பத்தை நெருக்குவது நான்கு சுவர். பார்வதிக்கு எதிரில் இருப்பது வெட்டவெளி. ஆனாலும் ஒதுங்க இடமில்லை. மேடையிலிருந்து வந்த படம் நெருக்கத்தால் அடைவதை இந்தப் படம் திறந்தவெளியால் அடைகிறது.

பார்க்கும் வரிசை

முதலில் ‘வியட்நாம் வீடு’. பழகிய மொழியில் மேடையின் சாயல் பிடிபடும். பிறகு ‘ரெய்சின்’, அதில் வாசலை மட்டும் கவனித்தால் போதும். மூன்றாவதாக ‘ஃபென்சஸ்’, பேச்சுக்கும் முகத்துக்கும். அதன்பின் ‘சம்சாரம் அது மின்சாரம்’. ஒரே நாடகம் காலத்துக்கும் ரசிகர்களுக்கும் ஏற்ப எப்படி மாற்றித் தைக்கப்படுகிறது என்பதற்கு. கடைசியில் ‘திக்கற்ற பார்வதி’. இரண்டாம் முறை பார்க்க நேரமிருந்தால் முழுப் படத்தையும் பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றிலும் வீட்டுக்கு வெளியே நடக்கும் காட்சிகளை மட்டும் எடுத்து, அவை இல்லாவிட்டால் கதை எதை இழந்திருக்கும் என்று கேட்டால் போதும். இழப்பு ஒன்றுமில்லை என்று பட்டால் அந்தக் காட்சி படத்துக்கு ஒட்டுப்போட்டது. கதையே குறைபடும் என்று தோன்றினால், கேமரா வாசலைத் தாண்டியது சரி.