பெட்டிக்குள் போன அல்வா

நெல்லின் பெயரைத் தாங்கிய ஊர், கோதுமையால் செய்யப்படும் பண்டத்திற்குப் புகழ் பெற்றிருக்கிறது. தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் செழிக்கின்றன, கோதுமை விளைவதில்லை. 'அல்வா' என்னும் சொல்லும் இனிப்பு எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் வழி வந்ததே. தானியமும் பெயரும் வெளியிலிருந்து வந்தவை என்றால், திருநெல்வேலிக்கு உரியதாக எஞ்சுவது செய்முறை ஒன்றுதான். எனவே 'திருநெல்வேலி அல்வா முன்போல் இல்லை' என்று யாரேனும் குறைப்பட்டால், அந்தச் செய்முறையில் எது கைவிடப்பட்டது என்று கேட்பதே முறை.

இக்குறையை இன்று வீட்டுக்கு வீடு கேட்கிறோம். அல்வாவை அந்தந்த மாலையில் கிண்டி, சூடு ஆறுமுன் விற்றுத் தீர்த்துவிட்டுக் கதவை மூடும் கடை நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இன்றும் உண்டு. அங்கே மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். குறை எழுவது பெரும்பாலும் பெட்டி அல்வாவைப் பற்றியே. அதைக் காண வண்ணார்பேட்டைக்கு வர வேண்டும். 1843-இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து பாளையங்கோட்டைப் பக்கம் இறங்கியதும் வருவது வண்ணார்பேட்டை. வெளியூர்ப் பேருந்துகள் நின்று செல்லும் இடம். பயணி ஒரு கண் பேருந்தின்மேல் வைத்துக்கொண்டே அரைக் கிலோ பெட்டி இரண்டு வாங்குகிறார். சுவைத்துப் பார்த்து வாங்க அவருக்கு நேரமில்லை. பெட்டி திறக்கப்படுவது சென்னையிலோ கோவையிலோ, மறுநாள் காலையில். சுவை சரியில்லை என்று அங்கிருந்து திரும்பி வந்து சொல்பவர் எவருமில்லை. வாங்குவோர் மறுமுறை வராவிட்டாலும் நடக்கும் வாணிகத்தில் தரம் தாழ்வதில் வியப்பென்ன?

அண்மையில் அந்தப் பகுதியில் மூன்று கடைகளில் மூன்று பெட்டிகள் வாங்கிப் பார்த்தேன். கடைகளின் பெயர் இங்கு வேண்டாம். ஒன்றில் இருந்தது கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் சிவந்த கட்டி. விரலால் அழுத்தினால் ரப்பர்போல மீண்டெழுந்தது. இரண்டாவது, வாயில் கரைந்ததுபோல் தோன்றியது. ஆனால் விழுங்கிய பின்னும் மேலண்ணத்தில் மெழுகுபோல ஒரு படலம் தங்கிவிட்டது. மூன்றாவது நல்ல அல்வா. வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்கியது. சற்றுப் பொறுத்து நெய் மணம் மேலே வந்தது. மூன்று கடைகளும் கூப்பிடு தூரத்திற்குள் இருக்கின்றன.

இவ்விடத்தில் ஒரு பழைய நம்பிக்கையைத் தொட்டாக வேண்டும். அல்வாவின் சுவைக்குத் தாமிரபரணித் தண்ணீரே காரணம் என்பர். தரம் குறைந்தால், ஆறு மாசுபட்டது காரணம் என்பர். ஆறு மாசுபட்டிருப்பது உண்மையே; வருந்த வேண்டியதே. கோதுமையை ஊறவைத்துப் பால் எடுக்க நல்ல நீர் வேண்டும் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் ஒரே ஆற்று நீர் ஓடும் ஒரே தெருவில் மூன்று கடைகளின் அல்வா மூன்று விதமாக இருக்கும்போது, வேறுபாட்டிற்கு நீர் காரணமாக இருக்க முடியாது. மூன்றிற்கும் பொதுவான ஒன்று, மூன்றையும் பிரிக்கும் காரணமாகாது. அறிவியல் மாணவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆற்றின்மேல் பழியைப் போடுவது சட்டிக்காரருக்கு மிக வசதியானது.

சட்டிக்குள் என்ன நிகழ்கிறது என்று பார்ப்போம். சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, துணியில் வடித்துப் பால் எடுக்கிறார்கள். தவிடும், ஒட்டும் தன்மையுள்ள குளூட்டன் என்னும் புரதத்தின் பெரும்பகுதியும் சக்கையோடு போய்விடும். பாலில் இருப்பது பெரும்பாலும் மாப்பொருள். கூடவே சிறிதளவு புரதம். இந்தப் பாலைப் புளிக்கும்வரை வைத்திருந்து, மேலே தெளிந்த நீரை இறுத்துவிடுவது பழைய வழக்கம். இலேசான இந்தப் புளிப்புக்கு வேலை உண்டு. அமிலச் சூழலில் நெடுநேரம் கொதிக்கும் சர்க்கரையின் ஒரு பகுதி குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாகப் பிரிகிறது. இவை கலந்திருக்கும் பாகு எளிதில் படிகமாவதில்லை. நாலாம் நாள் பெட்டியைத் திறந்தால் அல்வாவின்மேல் சர்க்கரை பூத்து நறநறவென்று கடிபடுகிறதே, அதைத் தடுப்பது இந்தப் புளிப்புதான். ஓரிரவு காத்திருக்க மனமில்லாதவர்கள் எலுமிச்சை உப்பையோ குளுக்கோஸ் பாகையோ ஊற்றிக் காரியத்தை முடிக்கிறார்கள். படிகம் தடைப்படும், புளித்த பாலின் மணம் வராது.

அடுத்தது நீரும் நேரமும். கோதுமை மாப்பொருளின் நுண்மணிகள், போதிய நீரில், ஏறத்தாழ 58 முதல் 64 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நீரை உறிஞ்சிப் பருத்து உடைந்து கூழாகின்றன. சர்க்கரை சேர்ந்தால் அதுவும் நீருக்குப் போட்டியிடும். மணிகள் பருக்க இன்னும் உயர்ந்த வெப்பமும் கூடுதல் நேரமும் தேவைப்படும். எனவே சட்டியில் நிறைய நீர் இருக்க வேண்டும். பிறகு அந்த நீரையெல்லாம் வெளியேற்றியும் ஆக வேண்டும். 1 கிலோ நீரைக் கொதிநிலையில் ஆவியாக்க 540 கிலோ கலோரி வெப்பம் செலவாகிறது என்பது பள்ளிப் பாடம். அல்வாக் கிண்டுபவரின் தோள்வலிக்கும் விறகுச் செலவுக்கும் காரணம் இந்த 540 தான்! செலவைக் குறைக்க எளிய வழி, தொடக்கத்திலேயே நீரைக் குறைத்து ஊற்றுவது. சட்டி விரைவில் இறங்கிவிடும். ஆனால் மணிகள் முழுதும் பருக்கவில்லை. நாக்கில் தட்டும் அந்தப் பச்சை மாவு வாடை அங்கிருந்து வருவது.

கோதுமைப் பாலுக்கு மாற்றாகச் சோளமாவைப் போடுவது இன்னொரு குறுக்குவழி. சோளமாவு அல்வா தன்னளவில் குற்றமுள்ள பண்டமன்று. பம்பாய் அல்வா, கராச்சி அல்வா என்று அதற்குத் தனிப் பெயரும் தனி இரசிகர்களும் உண்டு. அதைத் திருநெல்வேலி என்று பெயரிட்டு விற்பதுதான் குற்றம். கடையில் கிடைக்கும் சோளமாவு ஏறக்குறைய தூய மாப்பொருள். புரதம் மிக மிகக் குறைவு. கோதுமைப் பாலின் சிறிதளவு புரதமோ, பிரிந்த சர்க்கரையோடு வெப்பத்தில் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் வறுத்த மணத்தையும் தருகிறது. 1912-இல் பிரெஞ்சு அறிஞர் லூயி கமில் மயார் விளக்கிய வினை இது. ரொட்டியின் மேலோடும் வறுத்த காப்பிக்கொட்டையும் மணப்பது இதனால்தான். புரதம் இல்லாத சட்டியில் இவ்வினை நிகழாது. அங்கே நிறத்தைப் பொட்டலத்திலிருந்து கொட்ட வேண்டியிருக்கிறது. என் முதல் பெட்டியின் கண்ணாடிச் சிவப்புக்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் கொழுப்பில் நிகழ்ந்தது. நெய் பல கொழுப்பு அமிலங்களின் கூட்டு. அவற்றுள் பியூட்டிரிக் அமிலம் போன்ற குறுந்தொடர் அமிலங்கள் எளிதில் ஆவியாகும். மூன்றாவது பெட்டியில் பின்னால் எழுந்த மணத்தில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. மேலும் நெய் வாயின் வெப்பத்தில் ஏறக்குறைய முழுதும் உருகிவிடும். தாவர எண்ணெயை நிக்கல் வினையூக்கியின் முன்னிலையில் ஹைட்ரஜனேற்றிச் செய்யும் வனஸ்பதி அப்படியல்ல. அதில் உடல் வெப்பத்தில் உருகாத ஒரு பகுதி உண்டு. அதுதான் அண்ணத்தில் ஒட்டும் மெழுகு. விலையோ நெய்யைவிடப் பல மடங்கு குறைவு, விரைவில் காறுவதுமில்லை. பெட்டியில் நாள்கணக்கில் கிடக்க வேண்டிய பண்டத்திற்கு வணிகர் கண்ணில் இதைவிடப் பொருத்தமான கொழுப்பு ஏது? 1937-இல் டால்டா கடைக்கு வந்த நாளிலிருந்தே வனஸ்பதியை நெய்போல மணல்மணலாகத் தோன்றச் செய்திருக்கிறார்கள். ஆகவே 'மணல்மணலாக உறைந்தால் நல்ல நெய்' என்ற பாட்டி வைத்தியம் இங்கே பலிக்காது.

அரசு ஒரு பொறி வைத்திருந்தது. வனஸ்பதியில் குறைந்தது 5 விழுக்காடு நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்பது அப்பொறி. நல்லெண்ணெய், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடும் ஃபர்ஃபுராலோடும் சேர்ந்தால் செந்நிறம் தரும். பௌடுவான் சோதனை எனப்படும் இது கல்லூரி ஆய்வகங்களில் செய்யக்கூடியதே. நெய் என்று சொல்லப்படும் பொருள் சிவந்தால் அதில் வனஸ்பதி இருக்கிறது எனலாம். (அல்வாவை அப்படியே அமிலத்தில் போட்டால் சர்க்கரையே நிறம் தந்து ஏமாற்றிவிடும், முதலில் கொழுப்பைப் பிரித்தெடுக்க வேண்டும்.) ஆனால் இந்தப் பொறியில் சிக்குவது வனஸ்பதி மட்டுமே. நேரடியாகப் பாமாயிலைக் கலப்பவருக்கு நல்லெண்ணெய் சேர்க்கும் கட்டாயம் இல்லை; சோதனைக் குழாயும் சிவப்பதில்லை.

வனஸ்பதியின் மாறுபக்கக் கொழுப்பு இதயத்திற்குத் தீங்கானது. ஆலையில் உருவாகும் இக்கொழுப்பை 2022 முதல் 2 விழுக்காட்டுக்கு மேற்படாதவாறு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கட்டுப்படுத்தியிருக்கிறது. இதயத்திற்கு இது நல்ல செய்தி. சுவைக்கு இதனால் மாற்றமில்லை. அண்ணத்தில் ஒட்டும் பிற கொழுப்புகள் சந்தையில் நிறைய இருக்கின்றன.

இந்நோய் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. மேனாட்டார் பரிசாகக் கொடுத்து மகிழும் சாக்லேட்டுப் பெட்டிகளிலும் இதே கதைதான். கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகையில் சட்டென்று உருகும். சாக்லேட்டின் கவர்ச்சி அதில்தான் இருக்கிறது. அதற்குப் பதிலாக 5 விழுக்காடு வரை வேறு தாவரக் கொழுப்புகளைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2000-ஆம் ஆண்டின் சட்டத்தால் இடங்கொடுத்தது. 2015-இல் பிரிட்டனில் கேட்பரியின் கிரீம் எக் என்னும் முட்டை வடிவ மிட்டாயின் மேலோடு டெய்ரி மில்க் சாக்லேட்டிலிருந்து வேறு கலவைக்கு மாற்றப்பட்டது. ஆறு இருந்த பெட்டியில் ஐந்தானது. வாங்கியவர்கள் உடனே கண்டுகொண்டு கூச்சலிட்டார்கள். நாம் 'அல்வா கொடுத்துவிட்டான்' என்று சிரித்துவிட்டுச் சும்மா இருக்கிறோம்.

எனினும் பெட்டி அல்வாவின் குறைகள் யாவும் ஏமாற்று என்று தீர்ப்புக் கூறுவது நியாயமாகாது. நல்ல அல்வாவும் ஆறினால் இறுகும். கூழாகி விரிந்த மாப்பொருள் தொடர்கள் குளிரக் குளிர மீண்டும் ஒன்றையொன்று தழுவி ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன. நேற்றைய இட்லி கெட்டியாவதும் இதனாலேதான். மணப்பொருள்களும் குளிரில் அடங்கிவிடுகின்றன. இரவெல்லாம் பேருந்தில் வந்த அல்வாவை, வாழையிலைத் துண்டில் சுடச்சுட வாங்கித் தின்ற அல்வாவோடு ஒப்பிட்டுக் குறைசொல்வோர் பாதி தவறு செய்கிறார்கள். இறுகுதலின் பெரும்பகுதியை வெப்பத்தால் திருப்பிவிடலாம். சிறு கிண்ணத்தில் அல்வாவை இட்டு, கொதிநீரின்மேல் வைத்து நன்றாகச் சூடாக்கிப் பின் உண்டு பாருங்கள். குழைந்து மணந்தால், அது பயணக் களைப்படைந்த நல்ல அல்வா. சூடாக்கிய பின்னும் ரப்பராக இழுத்தாலோ அண்ணத்தில் ஒட்டினாலோ குற்றம் பெட்டியினுடையதன்று, சட்டியினுடையது. என் இரண்டாவது பெட்டி இந்தத் தேர்வில் தோற்றது. அயோடின் சொட்டு இங்கு உதவாது. கோதுமையும் சோளமும் ஒன்றுபோலவே நீலமாகும். நுண்ணோக்கியிலும் வெந்து உடைந்த மணிகளின் உருவம் தெரியாது.

பெட்டியே ஒரு காலத்தில் சாட்சி சொன்னது. வெறும் அட்டையில் நெய் கசிந்து கறை படியும். கறை படிந்த பெட்டியை மக்கள் விரும்பி வாங்குவார்கள். இன்று உள்ளே பளபளக்கும் நெகிழித்தாள். நெய்யா, வேறா என்று வெளியே எதுவும் தெரிவதில்லை. கறைக்குப் பதில் எழுத்து வந்திருக்கிறது. அதைப் படிப்பவர் சிலரே. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இலும், கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்ன பொருளால் இன்ன முறையில் செய்வது என்று எழுதிப் பதிவு செய்தால்தான் அக்குறியீடு கிடைக்கும். திருநெல்வேலி அல்வாவிலும் இவ்வளவு நெய், இன்ன கோதுமை என்று எழுதி வைத்துக்கொள்ள இவ்வூர்க் கடைக்காரர்கள் ஒன்றுகூடினால் நன்று. அதுவரை பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதுதான் நம் கையில் இருக்கிறது. சேர்மானங்களை எடை இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். 'நெய் அல்வா' என்று முகப்பில் பெரிதாகப் போட்டால் நெய் எத்தனை விழுக்காடு என்பதையும் குறிக்க வேண்டும். என்னிடம் இருந்த மூன்று பெட்டிகளில் இரண்டின் முகப்பில் நெய் வழியும் படம் இருந்தது. விழுக்காடு ஒன்றில்தான் இருந்தது.