கண்கட்டும் வாக்குமூலமும்

ஈரானிய இயக்குநர் ஜஃபர் பனாஹி 2022 ஜூலையில் கைதாகி, 2023 பிப்ரவரியில் விடுதலையானார். சிறையில் உடனிருந்தோரிடம் கேட்டவற்றிலிருந்து அவர் படைத்ததே, 2025இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற 'அது ஒரு விபத்துதான்' என்னும் பாரசீகத் திரைப்படம்.

வாகனம் பழுதுபார்க்கும் வஹீத், பொய்க்காலின் கிறீச்சொலி ஒன்றைக் கேட்டு நடுங்குகிறார். சிறையில் தம்மை வதைத்தவனின் நடையொலி அன்றோ அது! அம்மனிதனைக் கடத்திப் புதைகுழியும் தோண்டிய பின்னரே ஐயம் பிறக்கிறது. அன்று கண்கள் கட்டப்பட்டிருந்தனவே! ஆகவே, உடன் வதைபட்டோரைத் தேடிப் போகிறார். ஒருத்தி வாடையால் அறிகிறாள். ஒருவன் காலின் தழும்பைத் தடவி அறிகிறான். உறுதி மட்டும் கிட்டவில்லை. இதற்கிடையே, பிடிபட்டவனின் மனைவிக்குப் பிரசவ வேதனை. அவளை மருத்துவமனையில் சேர்ப்பவரும் வஹீதே.

இறுதியில் அவன், மரத்தோடு பிணிக்கப்பட்டு, கண்கள் கட்டப்பட்ட நிலையில், "நானே அவன்" என ஒப்புக்கொள்கிறான். ஈண்டுதான் நமக்கு நெருடுகிறது. மரண பயத்தில், கண்கட்டோடு பெற்ற வாக்குமூலத்திற்கு மதிப்பென்ன? வதைக்கூடங்களில் பெறப்படுவனவும் இத்தகையனவே அல்லவா? பனாஹி இதனை வாய்விட்டுக் கேட்கவில்லை. அந்தக் கண்கட்டைக் காட்டுவதோடு நின்றுவிடுகிறார். அந்த அடக்கத்தை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

அவன் உயிரோடு விடப்படுகிறான். பின்னர், வஹீதின் முதுகுப்புறம் அதே கிறீச்சொலி. வந்தவன் அவன்தானா, வஹீதின் செவி இனி ஓயாதா என்பதைப் படம் சொல்லவில்லை.