தண்ணீர்க் குறிப்பின் தோன்றா எழுவாய்

தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள், எடை தானாகக் குறையும். பெண்கள் இதழ்களின் அழகுக் குறிப்புப் பக்கத்தில் ஏதோ ஒரு வடிவத்தில் நாம் எல்லோரும் வாசித்திருக்கும் வாக்கியம் இது. இலக்கணம் நடத்துகிறவள் என்பதால் இதை முதலில் வாக்கியமாகவே பார்க்கிறேன். 'குடியுங்கள்' என்பது ஏவல். 'நீங்கள்' என்பது தோன்றா எழுவாய். 'குறையும்' என்பதில் ஐயத்துக்கே இடமில்லை. எனக்கு இரண்டு கேள்விகள். உண்மையில் குறையுமா? தோன்றாமல் நிற்கும் அந்த 'நீங்கள்' யார்?

முதல் கேள்விக்கு ஆய்வுகள் அடக்கமாகவே பதில் சொல்கின்றன. 2010இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், 55 வயதுக்கு மேற்பட்டவர்கள் 12 வாரம் குறைந்த கலோரி உணவு உண்டார்கள். ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டுக்கு முன் அரை லிட்டர் தண்ணீர் குடித்தவர்களுக்கு, குடிக்காதவர்களைவிட ஏறக்குறைய 2 கிலோ கூடுதலாகக் குறைந்தது. 2015இல் பர்மிங்காம் ஆய்வாளர்கள் 84 பேரிடம் கண்ட வேறுபாடு 1.3 கிலோ. வயிற்றில் தண்ணீர் இருந்தால் கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுகிறோம். சர்க்கரை போட்ட பானத்துக்குப் பதில் தண்ணீர் குடித்தால் அந்தச் சர்க்கரை உடம்பில் சேர்வதில்லை. நடப்பது இவ்வளவுதான். தண்ணீர் கொழுப்பைக் கரைப்பதில்லை. 'குறையும்' என்பதை 'ஓரளவு குறையலாம்' என்று திருத்தினால் வாக்கியம் நேர்மையாகிவிடும், விற்பனைக்கு உதவாது.

லிட்டர் கணக்குக்கும் ஒரு பாட வரலாறு உண்டு. நாளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் தேவை என்று 1945இல் அமெரிக்க உணவு, ஊட்டச்சத்து வாரியம் எழுதியது. இதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்றும் அங்கேயே சேர்த்து எழுதியிருந்தது. சுவடியைப் படியெடுக்கிறவர் ஒரு வரியை விட்டுவிடுவதுபோல, பின்னால் வந்தவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிட்டார்கள். தினம் எட்டு டம்ளர் என்ற விதிக்கு அறிவியல் ஆதாரம் தேடிய ஹெய்ன்ஸ் வால்டின், ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2002இல் எழுதினார். ரசமும் மோரும் கஞ்சியும் சுரைக்காயும் உண்கிற நமக்கு இந்த விடுபட்ட வரி முக்கியமானது.

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். காலையில் நிரம்பிய பாட்டிலோடு வரும் மாணவிகள் பலர் மாலையில் அதே பாட்டிலைப் பாதிக்கு மேல் மிச்சம் வைத்துத் திரும்பிப் போவதைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். தாழ்ப்பாள் இல்லாத கதவு, தண்ணீர் வராத குழாய், நாப்கினைப் போட இடமில்லாத கழிப்பறை. மாதவிடாய் நாட்களில் தாகத்தை அடக்குவது இன்னும் கூடுகிறது. சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் தலைவலியும் அடக்கியவளின் உடம்போடு வீட்டுக்குப் போகின்றன.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைகளில் வேலை செய்த பெண்கள் பெண்கூட்டு என்ற அமைப்பாகத் திரண்டபோது அவர்கள் முதலில் கேட்டது கழிப்பறையைத்தான். கழிப்பறை கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில், தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பது. அமைப்பை முன்னின்று நடத்திய விஜி இதைச் சொல்லியிருக்கிறார். பிறகு அவர்களின் போராட்டம் உட்காரும் உரிமைக்கும் விரிந்தது. கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல் திருத்தியது. கடையில் நிற்கும் பெண்ணுக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்று சட்டத்தில் எழுத இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

இப்போது இரண்டு ஏவல்களையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அழகுக் குறிப்பு, அதிகம் குடி என்கிறது. முதலாளி, குறைவாகக் குடி என்கிறார். எதிரெதிர்க் கட்டளைகள்தான். ஆனால் இரண்டிலும் அவளுடைய தாகம் என்ற சொல் இல்லை. முன்னதில் அவள் குறைக்கப்பட வேண்டிய எடை. பின்னதில் வீணாகும் வேலைநேரம். அழகுக் குறிப்பின் தோன்றா எழுவாய், நினைத்தபோது எழுந்து போகவும் கதவைத் தாழிடவும் முடிகிற பெண். குறிப்பைப் பின்பற்ற முடியாத மற்றவளோ, எடை குறையாததற்குத் தன் சோம்பலே காரணம் என்று நம்பிவிடுகிறாள். இந்தக் குற்றவுணர்வைத்தான் நான் இந்த வாக்கியத்தின் பெரிய தீங்காகக் கருதுகிறேன்.

மாணவிகளே, தாகம் எடுத்தால் குடியுங்கள். வெயிலில் அலைந்தால், காய்ச்சல் வந்தால் கூடுதலாகக் குடியுங்கள். எடை இயந்திரத்திடம் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அடுத்தமுறை உங்களை ஏவும் குறிப்பைப் படித்தால், நீங்களும் ஓர் ஏவலை எழுதிப் பாருங்கள்: கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போடுங்கள், குழாயில் தண்ணீர் விடுங்கள். இதன் எழுவாய் உங்கள் நிர்வாகம். அதை வெளிப்படையாகப் பெயர் சொல்லியே எழுதி, கையெழுத்திட்டுக் கொடுங்கள்.