அரை நிமிடப் பேரம்

நளினி ஜமீலாவின் தன்வரலாற்றை இரண்டு முறை படித்திருக்கிறேன். முதல் முறை கல்லூரி விடுதியில், அட்டைக்குச் செய்தித்தாள் உறை போட்டு. எதற்காகப் படித்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் தேடியது அதில் இல்லை. ஏமாற்றத்தோடு பக்கத்து அறை நண்பனிடம் தள்ளிவிட்டேன்.

இரண்டாம் முறை படித்ததற்கு ஒரு அக்கா காரணம். வேலை கிடைக்காமல் சுற்றிய நாட்களில், தென்மாவட்ட ஊர் ஒன்றில், எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தின் சிறிய அலுவலகத்தில் மூன்று மாதம் கணினியில் விவரம் ஏற்றும் வேலை பார்த்தேன். யாருக்கு எத்தனை ஆணுறை கொடுத்தோம், எத்தனை பேர் ரத்தப் பரிசோதனைக்கு வந்தார்கள், அவ்வளவுதான் கணக்கு. பேருந்து நிலையத்தை ஒட்டித் தொழில் செய்யும் அந்த அக்கா இரண்டு நாளைக்கு ஒருமுறை வருவார். ஒரு சரம் எடுத்து நீட்டினால், இரண்டே இரண்டைப் பிய்த்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார்.

“ரெண்டு போதுமாக்கா?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

சிரித்தார். “எங்க போதும் தம்பி? பையில நாலஞ்சு கெடந்துச்சுன்னா எடுத்து மேசைல கொட்டி, இது என்ன முட்டாயான்னு கேப்பாங்க. அப்புறம் கேஸு, ஃபைனு. அன்னிக்குப் பொழப்பு போச்சு. ரெண்டுன்னா புருஷனுக்குன்னு சொல்லிக்கலாம்.”

அன்று நான் அட்டவணையில் அடித்தது: தேவை – 2.

அந்த இரண்டுக்கும் அவருடைய உண்மையான தேவைக்கும் நடுவில் ஒரு போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். எக்செல் கட்டத்தில் அவருக்கு இடம் இல்லை. அவருக்கு இடம் இருக்கிற ஒரு புத்தகம் நினைவுக்கு வந்தது. நண்பனிடம் திரும்பக் கேட்டேன். அவன் அதை வேறு யாரிடமோ தள்ளிவிட்டிருந்தான். புதிதாக வாங்கினேன்.

மலையாளத்தில் 2005-இல் வெளிவந்து கேரளத்தைக் கலக்கிய நூல் அது. தமிழில் குளச்சல் மு. யூசுப் மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. கணவர் இறந்துபோகிறார். இரண்டு குழந்தைகளை வளர்க்க மாமியாரிடம் தினம் ஐந்து ரூபாய் தர வேண்டும். அந்த ஐந்து ரூபாய்க்காகத்தான் நளினி திருச்சூரில் இந்தத் தொழிலுக்கு வருகிறார். அவருடைய முதல் வாடிக்கையாளரே ஒரு போலீஸ் அதிகாரி. இரவு அவரோடு கழிகிறது. விடிந்ததும் போலீஸ் பிடித்துக்கொண்டு போய் அடிக்கிறது.

முதல் வாசிப்பில் இதை ஒரு நகைமுரணாக மட்டும் எடுத்துக்கொண்டேன். ‘பாருடா, என்ன உலகம்’ என்று ஒரு பெருமூச்சு, அடுத்த பக்கம். இந்த நூலைப் பற்றி நண்பர்களோடு பேசியபோதெல்லாம் பேச்சு ஒரே தடத்தில்தான் ஓடியது. இதையெல்லாம் வெளியே சொல்லலாமா? பாலியல் தொழில் தேர்வா, சுரண்டலா? எல்லாமே அவரை நிற்கவைத்துக் கேட்கும் கேள்விகள். இரண்டாம் வாசிப்பில் எனக்கு வேறொன்று தெரிந்தது. நளினி இந்த நூல் முழுக்க ஆண்களை எடைபோட்டுக்கொண்டே இருக்கிறார். இவன் எப்படிப்பட்டவன், இவனோடு போகலாமா, எந்த இடத்துக்குப் போகலாம், எவ்வளவு கேட்கலாம். இந்தக் கணிப்புதான் அவருடைய தொழில்திறன், உயிர்க்காப்பும் அதுதான். அதற்கு நேரம் வேண்டும். போலீஸ் பறிப்பது அந்த நேரத்தை.

விளக்கிச் சொல்கிறேன். வெளிச்சமான சாலையோரம் நிற்கும் பெண்ணுக்கு, வந்தவன் குடித்திருக்கிறானா, தனியாக வந்திருக்கிறானா என்று பார்க்க அரை நிமிடம் கிடைக்கும். ‘உறை இல்லாம முடியாது’ என்று பேரம் பேசுவதும் அந்த அரை நிமிடத்தில்தான். ஜீப் விளக்கு தெரிந்தால் பேரம் அந்தரத்தில் நிற்கும், அவள் சட்டென்று வண்டியில் ஏறிவிடுவாள். அல்லது ஜீப் வராத இருட்டுக்குப் போவாள். அங்கே அவன் ‘அதெல்லாம் வேணாம்’ என்றால் கத்திக் கூப்பிடவும் ஆள் கிடையாது. பிடிபட்டால் அபராதமோ மாமூலோ கட்ட வேண்டும். அந்தப் பணத்தை அன்றிரவே ஈடுகட்ட, உறை இல்லாமல் இருந்தால் கூடுதலாகத் தருகிறேன் என்பவனுக்குச் சரி என்று சொல்ல நேரும். போலீஸ்காரரே இலவசமாகக் கேட்டால் அங்கே பேரம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? செய்தித்தாள்கள் விபச்சாரத் தடுப்புச் சட்டம் என்று எழுதும் 1956-ஆம் ஆண்டுச் சட்டம், பணம் வாங்கிக்கொண்டு உறவுகொள்வதையே குற்றம் என்று சொல்லவில்லை. பொது இடத்தில் ஆளை அழைப்பது குற்றம். விடுதி நடத்துவது குற்றம். இரண்டு பெண்கள் பாதுகாப்புக்காக ஒரே அறையைப் பகிர்ந்துகொண்டு தொழில் செய்தால் அதுவும் சட்டத்தின் கண்ணில் விடுதிதான். ஆகத் தெருவில் நிற்கவும் முடியாது, அறையில் சேர்ந்திருக்கவும் முடியாது. தனியாக, இருட்டில், அவசரமாக. நோய் பரவ இதைவிடத் தோதான ஏற்பாடு வேறென்ன?

இது என் கற்பனைக் கணக்கல்ல. 33 நாடுகளில் நடந்த 130-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் ‘பிளாஸ் மெடிசின்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. கைது, பறிமுதல், மிரட்டல் போன்ற போலீஸ் கெடுபிடிக்கு ஆளான பாலியல் தொழிலாளர்கள் வன்முறைக்கு ஆளாகும் சாத்தியம் மூன்று மடங்கு, எச்ஐவி அல்லது வேறு பால்வினைத் தொற்று இருக்கும் சாத்தியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று அது கண்டது. அதற்கு முன் 2014-இல் ‘லான்செட்’ இதழில், கர்நாடகத்தின் பெல்லாரி, கனடாவின் வான்கூவர், கென்யாவின் மொம்பாசா ஆகிய ஊர்களை வைத்து ஒரு கணித மாதிரி போட்டுப் பார்த்தார்கள். பாலியல் தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கினால், பத்தாண்டுகளில் தொழிலாளர்களிடமும் வாடிக்கையாளர்களிடமும் வரக்கூடிய புதிய எச்ஐவி தொற்றுகளில் 33 முதல் 46 விழுக்காடு வரை தவிர்க்கலாம் என்று வந்தது. பைக்குள் இருக்கும் ஆணுறை சாட்சியாகிற கதையும் நம்மூரில் மட்டும் நடப்பதில்லை. நியூயார்க், வாஷிங்டன், லாஸ் ஏஞ்சல்ஸ், சான் பிரான்சிஸ்கோ நகரங்களில் அதே நடந்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2012-இல் ஆவணப்படுத்தியது. அக்கா சொன்ன ‘முட்டாயா’வுக்கு அமெரிக்க ஆங்கிலத்திலும் ஒரு சொல் இருந்திருக்கும்.

நம் ஊர்க் கதை ஒன்றும் இருக்கிறது. இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகள் 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டன. மதராஸ் மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த கண்டுபிடிப்பு. வசதி குறைவான காலத்தில் இரண்டு பெண்கள் சாதித்த அறிவியல் கதையாக இதைப் பெருமையோடு சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த ரத்தம் எங்கே எடுக்கப்பட்டது? கைதான பாலியல் தொழிலாளர்களை அடைத்துவைத்திருந்த அரசுக் காப்பகத்தில். தொற்று உறுதியான அந்த ஆறு பெண்கள் நாம் சொல்லும் கதையில் வெறும் மாதிரிகள். பிந்தைய ஆண்டுகளில், தொற்று இருக்கிறது என்ற காரணத்துக்காகவே, அடைப்புக் காலம் முடிந்தும் பெண்கள் வெளியே விடப்படவில்லை. ஷ்யாமளா நடராஜ் என்ற பத்திரிகையாளர் உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகே 1990-இல் விடுதலை கிடைத்தது. பரிசோதனைக்குப் போனால் பூட்டிவைப்பார்கள் என்று தெரிந்த பெண் எந்த ஆஸ்பத்திரிக்கு நம்பிக்கையோடு போவாள்?

2000-களின் தொடக்கத்தில் சுவரெங்கும் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று எழுதியிருந்தது நினைவிருக்கிறதா? அப்போது சின்னப் பையன் நான், பேருந்தில் சத்தமாகப் படித்து அப்பாவிடம் குட்டு வாங்கினேன். கெட்டிக்கார விளம்பரம்தான். ஆனால் அந்தக் கேள்வியில் புள்ளிராஜா மட்டும்தான் இருந்தார். அந்தப் பெண்ணுக்கு வருமா என்று யாரும் கேட்கவில்லை.

நம் இலக்கியம் கேட்டதா? புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ கற்பு பேசுகிறவர்களின் முகத்தில் அறைந்தது. அறைந்தது சரி. ஆனால் அம்மாளு இருட்டுச் சந்துக்குள் போன பிறகு கதையின் முகம் நம் பக்கம் திரும்பிவிடுகிறது, அவள் உடம்புக்கு என்ன ஆனது என்று அது கேட்பதில்லை. ஜி. நாகராஜனின் உலகத்தில் போலீஸ் உண்டு, அன்றாடத்தின் பகுதியாகவே உண்டு. ஆனால் ‘நாளை மற்றுமொரு நாளே’யை நாம் தரகன் கந்தன் வழியாகத்தான் பார்க்கிறோம். பேரம் பேசுகிறவளின் கண்ணால் தெருவைப் பார்க்க நளினி ஜமீலா வர வேண்டியிருந்தது.

நளினியிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. அடி வாங்கிய கதைகளைக்கூட அவர் கிண்டலோடு கடந்துவிடுகிறார். அது அவருடைய பலம்தான், பரிதாபத்தை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு அடிக்குப் பின்னும் அடுத்த வாடிக்கையாளரிடம் எதை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது என்ற கணக்கை வாசகர்தான் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. என்னைப் போன்ற சோம்பேறி வாசகன் முதல் முறை அதைப் போடவில்லை.

‘அப்போ கடத்தப்பட்ட சிறுமிகளை யார் காப்பாற்றுவது?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சிறுமியை வைத்துத் தொழில் நடத்துவது குற்றம், அதற்குப் போலீஸ் வேண்டும். ஆனால் புதிதாக ஒரு சிறுமி வந்திருக்கிறாள் என்று முதலில் தெரிவது அந்தத் தெருவின் பெண்களுக்குத்தான். கொல்கத்தா சோனாகாச்சியில் தர்பார் மகளிர் அமைப்பினர் தங்களுக்குள் குழு அமைத்து, புதிதாக வருபவர்களின் வயதைத் தாங்களே விசாரிக்கிறார்கள். ஜீப்பைக் கண்டாலே ஓட வேண்டியவள் எந்த ஸ்டேஷனில் போய்த் தகவல் சொல்வாள்?

2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஆணுறை போன்ற பாதுகாப்பு முறைகளைக் குற்றமாகவோ குற்றத்துக்குச் சாட்சியாகவோ கருதக்கூடாது என்று உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. அது பேருந்து நிலையத்துக்கு வந்து சேர வேண்டும்.

இந்த நூலின் முதல் வடிவம் இன்னொருவர் துணையோடு எழுதப்பட்டது. அது தன் குரலாக இல்லை என்று பட்டதும், நளினி அதை ஒதுக்கிவிட்டுத் திருத்திய வடிவத்தைக் கொண்டுவந்தார். அவசரத்தில் பேசி முடித்த பேரத்தை, நேரம் எடுத்துத் திரும்பப் பேசியிருக்கிறார். அவர் எழுதிய எதையும்விட இந்தச் செயல்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

என் அட்டவணையை நான் திருத்தவில்லை. மூன்று மாதம் முடிந்து வேறு வேலைக்குப் போய்விட்டேன். எங்கோ ஒரு கணினியில் அந்த அக்காவின் பெயருக்கு நேராக இன்னும் ‘2’ என்றுதான் இருக்கும். அதைப் பார்த்து யாரோ ஒரு அதிகாரி, இந்த ஊரில் தேவை குறைவு என்று முடிவுசெய்திருக்கலாம்.