ஞாயிறு போக மீதி ஆறு நாள்: வட சென்னைக் கிறிஸ்தவ வாழ்வின் வழிகளும் அளவுகோல்களும்

திருவொற்றியூரில் ஒரு கிறிஸ்தவர் எப்படிப்பட்டவர் என்று பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ கேட்டால் பாதிதான் தெரியும். மீதியைச் சொல்ல வேண்டியவர்கள் அவரோடு ஒரே ஷிஃப்டில் நிற்பவரும், ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் பக்கத்து வீட்டுக்காரரும், மாதக் கணக்கு வைத்திருக்கும் மளிகைக்கடை அண்ணாச்சியும்தான். ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் வரை கப்பலும் ஆலையும் மீனும் சோறு போடுகிற கரை இது. விசுவாசத்தை இங்கே செயலாக்கிக் காட்ட ஒரே வழி இருந்ததில்லை. சபைக்குச் சபை வழி வேறு, அளவுகோலும் வேறு. அவற்றில் முக்கியமான ஐந்தை இங்கே பார்க்கலாம்.

படகுக்காரர் வழி

எல்லாவற்றுக்கும் மூத்தது இது. சென்னைக்குத் துறைமுகம் கட்டப்படாத காலத்தில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவை, பலகைகளை ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள். அந்தப் படகுகளை நம்பிப் பிழைத்த கத்தோலிக்கச் சமூகத்தார் தங்கள் உழைப்பில் சேர்த்த பணத்தைக் கொண்டு, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ராயபுரத்தில் புனித இராயப்பர் ஆலயத்தை எழுப்பினார்கள். ஒரு பெரிய மனிதரின் தாராளத்தை அவர்கள் எதிர்பார்த்து உட்காரவில்லை. தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் பொதுக்காரியத்தில் பங்கு உண்டு என்பதே அவர்களின் அளவுகோல். துறைமுகம் வந்ததும் படகுத்தொழில் நலிந்தது. கோயில் நிற்கிறது. இந்த வழியின் குறை, உதவி பெரும்பாலும் சொந்தச் சமூகத்துக்குள்ளேயே சுற்றி வந்ததுதான்.

இரக்கச் செயல்களின் வழி

பசித்தவருக்கு உணவு, தாகத்துக்குத் தண்ணீர், உடையில்லாதவருக்கு உடை, அந்நியருக்கு இடம், நோயாளியையும் சிறையில் இருப்பவரையும் போய்ப் பார்ப்பது: மத்தேயு 25ஆம் அதிகாரம் அடுக்கும் இந்த ஆறோடு, இறந்தவரை அடக்கம் செய்வதையும் சேர்த்து ஏழாக்கியது கத்தோலிக்க மரபு. அதை வார வேலையாக மாற்றிக்கொண்டது, 1833இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாம் என்ற இளைஞரும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை.

அதன் கூட்டத்தைக் கிட்ட இருந்து பார்த்தால் ஒன்று புரியும். பூசை முடிந்ததும் கோயில் பக்கத்து அறையில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். ஜெபம், வரவு செலவு, இந்த வாரம் யார் வீட்டுக்கு எந்த இருவர் போவது என்ற பேச்சு. கடைசியில் ஒரு பை கைமாறி வரும். மூடிய கையை உள்ளே விட்டு, மூடியபடியே வெளியே எடுக்க வேண்டும். எவ்வளவு போட்டார், போட்டாரா என்பதே பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. அந்த மாதம் கையில் காசில்லாதவர் கூசிக் குறுக வேண்டியதில்லை. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்ற போதனை இங்கே ஒரு துணிப்பைக்குள் நடைமுறையாகிவிட்டது.

இதற்கு நேரெதிர் வழக்கம் கொண்டது, 1921இல் டப்ளினில் பிராங்க் டஃப் தொடங்கிய மரியாயின் சேனை. இவர்களும் இருவர் இருவராகத்தான் வீடு சந்திக்கிறார்கள். ஆனால் பணமோ பொருளோ கொடுப்பதை இவர்களின் விதி தடுக்கிறது. நேரத்தையும் காதையும் கொடுத்தால் போதும். அடுத்த கூட்டத்தில் செய்த வேலையை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். முந்தையவர் அளவுகோல், கொடுத்தது வெளியே தெரியாமல் இருப்பது. இவர்களுடையது, போனேனா இல்லையா என்று கணக்குக் கொடுப்பது.

நிறுவனம் கட்டும் வழி

சீர்திருத்தத் திருச்சபைகள் தனிமனித உதவியைவிட நிலைத்து நிற்கும் நிறுவனங்களை நம்பின. ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த டாக்டர் மெடில்டா மெக்ஃபெயில் 1880-களின் இறுதியில் ராயபுரம் பக்கம் பெண்களுக்காக மருத்துவப் பணியைத் தொடங்கினார். ஆண் டாக்டரிடம் காட்டக் கூசி வீட்டிலேயே கிடந்த பெண்களை நினைத்துச் செய்த வேலை அது. அதுதான் இன்று பழைய வண்ணாரப்பேட்டை ஜி.ஏ. ரோட்டில் இருக்கும் ரெய்னி ஆஸ்பத்திரி. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் கீழ் இயங்குகிறது. இந்த வழியின் அளவுகோல், தொடங்கியவர் போன பிறகும் வேலை நடக்கிறதா என்பது.

அதே சபைகளின் குடும்பங்களில் கைப்பிடி அரிசி வழக்கமும் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைத்து, பிறகு சபைக்குக் கொடுப்பார்கள். தன் பெயரில் வருமானம் இல்லாத பெண்ணும் கொடுப்பவராகிற இடம் அது.

சாட்சி வழி

பெந்தெகொஸ்தே சபைகள் பார்ப்பது மாறிய வாழ்க்கையை. 1920-களில் இலங்கையில் தொடங்கித் தமிழகமெங்கும் பரவிய பெந்தெகொஸ்தே மிஷன் விசுவாசிகள் வெள்ளை உடுத்துவதும் நகை தவிர்ப்பதும் அந்த மாற்றத்தின் அடையாளங்கள். ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் இதற்குக் கூர்மையான பரீட்சை உண்டு. சம்பளம் கைக்கு வந்த அன்று டாஸ்மாக்கைத் தாண்டி முழுப் பணத்தோடு வீடு வந்து சேர்ந்தாரா? சபையில் மைக் பிடித்துச் சொல்லும் சாட்சிக்கு மதிப்பெண் போடுபவர் வீட்டில் இருக்கும் மனைவி.

தொழிலாளர் வழி

1946இல் இந்தக் கரையில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கியது எம்.ஆர்.எஃப். அசோக் மோட்டார்ஸ், என்ஃபீல்டு என்று ஆலைகள் அடுத்தடுத்து வந்தபோது ஈகை மட்டும் போதுமா என்ற கேள்வியும் வந்தது. திருத்தந்தை 13ஆம் லியோ 1891இலேயே நியாயமான கூலியையும் சங்கம் சேரும் உரிமையையும் வலியுறுத்தியிருந்தார். பெல்ஜியத்தில் ஜோசப் கார்டைன் 1925இல் தொடங்கிய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் அதைப் பட்டறைக்குள் கொண்டுவந்தது. பார், சீர்தூக்கு, செய் என்பது அதன் பாடம். தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் 1923இல் சென்னைக் கடற்கரையில் கொண்டாடிய மே தினத்தைத் திருச்சபை 1955இல் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக்கியது. பிந்தித்தான் வந்தது, ஆனாலும் வந்தது. இங்கே அளவுகோல், துன்பத்துக்கு மருந்து போட்டதோடு நிற்காமல் அதன் காரணத்தையும் கேட்டாயா என்பது.

எல்லோருக்கும் பொதுவானது

நற்செயல் கிறிஸ்தவரின் தனிச்சொத்து ஆகிவிடாது. பட்டினத்தார் அடங்கிய ஊர் திருவொற்றியூர். வள்ளலார் நாடி வந்து வழிபட்ட கோயில் இங்கே இருக்கிறது. பின்னாளில் அவர் 1867இல் வடலூரில் பசித்தவருக்காக மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே கப்பல்கள் மோதிக் கரையெல்லாம் எண்ணெய் படிந்தபோது வாளியால் அள்ளியவர்களை யாரும் சபை கேட்டு வரிசைப்படுத்தவில்லை. அக்கம்பக்கத்தார் கிறிஸ்தவரை அளப்பதும் செயல் என்ற இந்தக் கோலால்தான். கிறிஸ்துமஸ் அன்று தனக்காக ஷிஃப்ட் பார்த்தவருக்குத் தீபாவளி நைட் ஷிஃப்டைத் திருப்பிக் கொடுக்கிறவரின் விசுவாசத்தை விளக்கப் பிரசங்கம் வேண்டாம்.

ஐந்து வழிகளையும் அடுக்கிப் பார்க்கையில், வேதம் முதலில் கேட்பது எதை என்பதை மறக்கக் கூடாது. தருமத்துக்கு முன்னால் கணக்கு வருகிறது. இரண்டு விதமான எடைக்கல் கூடாது என்கிறது உபாகமம். கூலிக்காரன் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக் கூடாது என்கிறது லேவியராகமம். நாங்கள் என்ன செய்யட்டும் என்று வந்த வரி வசூலிப்பவர்களிடம் யோவான் ஸ்நானகன், தொழிலை விடச் சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் வாங்காதே என்றார். மீன் ஏலம் எடுப்பவருக்கும், லாரி புக்கிங் பார்ப்பவருக்கும், ஆள் அனுப்பும் காண்ட்ராக்டருக்கும் அதே பதில் பொருந்தும்.

இன்று இந்தப் பகுதி ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர் ஏராளம். வடமாநிலங்களிலிருந்து வந்து ஒரே அறையில் பலராகத் தங்கியிருக்கும் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. மத்தேயு சொல்லும் அந்நியர் அவர்கள்தான். அவர்களுடைய பி.எஃப். பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொண்டு கெபி கட்ட நன்கொடை கொடுத்தால், அது காணிக்கைக் கணக்கில் சேராது. பலிபீடத்தருகே காணிக்கையை வைத்துவிட்டுப் போய், மனத்தாங்கல் உள்ள சகோதரனோடு முதலில் சமாதானம் ஆகச் சொன்னவர் இயேசு.

விழா மலர்களில் நன்கொடையாளர் பட்டியல் அச்சாவது வழக்கம். அச்சகத்துக்குப் போகும் முன் விழாக் குழு ஒரு கேள்வியைக் கேட்டுவிடலாம்: இவரிடம் வேலை பார்ப்பவர்களுக்குச் சம்பளம் போய்ச் சேர்ந்துவிட்டதா? பட்டியல் சற்றுச் சுருங்கினாலும் மலருக்கு நட்டமில்லை.